கடலை இல்லாத வீடு

லூர்து மேரி வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் எட்டுப் பேர். அதில் நான் ஒருத்தி. அவரைப் பற்றி நாலு நல்ல வரி எழுத மற்ற ஏழு பேருக்கும் யோக்கியதை உண்டு, எனக்கு இல்லை. ஆனாலும் நான்தான் எழுத வேண்டியிருக்கிறது. அவருக்கு நடந்தது முழுசாகத் தெரிந்தவள் நான். அதை நடத்தி வைத்தவளும் நான்தான்.

என் பெயர் தென்றல். பெயரைக் கேட்டு ஏமாந்துவிட வேண்டாம், என் வாய்க்குப் பயந்து எங்கள் லைனில் சூப்பர்வைசரே ஒதுங்கிப் போவார். ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் ஆறு வருஷமாக இருக்கிறேன். வீட்டுக்காரர் ராஜசேகர் இன்னொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பிள்ளைப்பாக்கத்தில் என் மாமனாருக்கு ஒரு காலத்தில் நிலம் இருந்தது. இப்போது நிலம் இருந்தது என்கிற பேச்சு மட்டும் இருக்கிறது. அந்தப் பேச்சை வைத்துக்கொண்டே எங்கள் வீட்டில் காட்டுகிற மிடுக்குக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

லூர்து மேரிக்கு ஐம்பத்து மூன்று வயது. பதினோரு வருஷம் ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டுக் கழுவினார். சோப்புத் தண்ணீரில் ஊறி விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்ததும் வேலையை விட்டார். வீட்டுக்காரர் ஜெபதாஸ் ஒரு குடோனில் செக்யூரிட்டி. மகன் பென்சன் மறைமலை நகரில் வேலை கிடைத்து அங்கேயே குடியிருக்கிறான். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் எங்கள் ஊர்க் காலனியில் பிறந்து வளர்ந்தவர்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பஸ் ஸ்டாப்பை ஒட்டிப் புதிதாகப் போட்ட மனையில் அரை கிரவுண்டு வாங்கி, இரண்டு ரூம் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேர் தெற்கத்தி ஜில்லாக்களிலிருந்தும் வடநாட்டிலிருந்தும் வேலைக்கு வந்து வாடகைக்கு இருப்பவர்கள். அவர்களுக்கு அவர் மேரிம்மா, அவ்வளவுதான். அவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்பது ஊர்க்காரர்களான எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

பிள்ளை பார்க்கிற வேலை அவரைத் தேடி வந்தது. கேன்டீனில் கூட வேலை செய்த ஒரு பெண், "இன்னிக்கு ஒரு நாள் பாத்துக்க மேரிம்மா" என்று கைக்குழந்தையைக் கொடுத்துவிட்டு ஷிப்டுக்கு ஓடினாள். அந்த ஒரு நாள் இரண்டு வருஷம் ஓடியது. அதைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள். அப்புறம் கேட்க வேண்டுமா.

வளர்கூடு திட்டம் எங்கள் பக்கம் வந்தபோது முதலில் சேர்ந்தது லூர்து மேரிதான். வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கிற பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். பாய், எடை மெஷின் எல்லாம் தருவார்கள். பிள்ளைகளுக்குத் தினமும் கடலை உருண்டை, வாரத்தில் மூன்று நாள் முட்டை வரும். மாசத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை எடை போட்டு, முதல் ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் பெற்றவர்களைக் கூட்டிப் பேசுவார்கள். ஒழுங்காக நடத்துகிற வீட்டை இரண்டாம் வருஷம் நிலையான மையம் ஆக்குவார்கள். அப்படி ஆனால் மாதச் சம்பளமும் கூட உதவிக்கு ஒரு ஆளும் உண்டு. லூர்து மேரிக்கு அந்த உதவி ஆள்மேல்தான் கண். "ஒரு ஆளு இருந்தா மதியானத்துல ஒக்காந்து சோறு துன்னலாம்" என்பார். எட்டுப் பிள்ளைகளோடு அவர் நின்றுகொண்டேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவர் வேலை செய்கிற நறுவிசை நான் எங்கள் கம்பெனியில்கூடப் பார்த்ததில்லை. பிள்ளைகளின் செருப்பை ஷிப்டுப்படி அடுக்கி வைப்பார். காலை ஷிப்டுப் பிள்ளைகளின் செருப்பு வாசலை ஒட்டி, ஜெனரல் ஷிப்டுப் பிள்ளைகளுடையது சுவரோரம். சாயங்காலம் எந்தக் கம்பெனி பஸ் வருகிறது என்பது அவருக்கு ஹாரன் சத்தத்திலேயே தெரிந்துவிடும். அந்தப் பஸ்ஸில் வருகிறவளின் பிள்ளைக்கு மூஞ்சி கழுவி, செருப்பு மாட்டி, வாசலில் நிறுத்தியிருப்பார். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவளை ஒரு நிமிஷம்கூடக் காக்க வைக்கக் கூடாது என்பது அவர் கணக்கு.

இப்படிப்பட்டவர் வீட்டில் என் பெண்ணைச் சேர்க்கப் போனேன். பாப்பாவுக்கு அப்போது இரண்டரை வயது. வேறு இடம் இல்லை. மாமியாருக்கு முட்டி வலி, ஓடுகிற பிள்ளையைப் பிடிக்க முடியாது. காலை ஐந்தே காலுக்குப் பிள்ளையை வாங்கிக்கொள்ள எந்தப் பள்ளிக்கூடமும் திறந்திருக்காது. வேறு வழி இல்லாததால் மாமியார் சம்மதித்தார். ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார்.

"புள்ளைய வுடு, பரவால்ல. அவ கைல சோறு மட்டும் வாணாம்."

எல்லாப் பழியையும் மாமியார் மேல் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அதைக் கேட்டபோது எனக்கு ஒரு கோபமும் வரவில்லை என்பதும் உண்மை. எனக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது. லைனில் எல்லாரோடும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கேன்டீன் சோறு தின்கிறவள்தான் நான். ஆனால் ஊர் வேறு, கம்பெனி வேறு என்று எனக்குள்ளேயே ஒரு கேட் வைத்திருந்தேன்.

திட்டத்தில் சேர எழுதிக் கொடுக்கிற ஃபாரத்தில் "குழந்தைக்கு ஒவ்வாத உணவு" என்று ஒரு கட்டம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வழி கிடைத்துவிட்டது. எங்கள் சூப்பர்வைசர் சண்முகசுந்தரத்துக்குக் கடலை மிட்டாயைத் தொட்டாலே உதடு வீங்கி மூச்சு வாங்கும். கம்பெனியே அதைப் பார்த்திருக்கிறது. அந்தச் சீக்கை அப்படியே தூக்கி என் பெண்ணுக்குக் கொடுத்தேன். "வேர்க்கடலை, முட்டை, வெளிச் சாப்பாடு எதுவும் ஒத்துக்காது, டாக்டர் சொன்னது" என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாப்பாவுக்கு வீட்டிலிருந்து சோறு கட்டிக் கொடுத்தனுப்பினேன். வீட்டில் அவள் அவித்த கடலையைக் கை நிறைய அள்ளித் தின்பாள். "மேரிம்மா வூட்டுல சொல்லக் கூடாது" என்று சொல்லி வைத்தேன். பிள்ளை சொன்ன சொல் கேட்டது.

நாலு மாசம் போயிருக்கும். ஒரு நாள் சாயங்காலம் பாப்பாவைக் கூப்பிடப் போனபோது லூர்து மேரி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"தென்றலு, நீ பாப்பாவ நெனச்சு பயந்துகினே வேல செய்யாத. இந்த வூட்டுல முட்டையும் கெடயாது, கடலையும் கெடயாது. சட்னிக்குக்கூட நான் கடல அரைக்கிறது இல்ல."

"மத்த பசங்களுக்குக் குடுப்பீங்க இல்ல?"

"யாருக்கும் குடுக்கல. ட்ரெய்னிங்ல அந்த நர்சம்மா சொல்லிச்சே, கை பட்டாலே ஆபத்துன்னு. எட்டுப் பசங்க, பதினாறு கையி. யாரு கையி யாரு வாயில போவுதுன்னு நான் ஒருத்தி எப்புடிப் பாக்குறது? ஒரு உருண்டைக்கோசரம் ஒரு உசுரு போனா நான் இன்னா பண்றது?"

நான் போட்ட பொய்யை அந்த அம்மாள் பைபிள் வாக்காக எடுத்துக்கொண்டிருந்தார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரி. "அவ்ளோ ஒண்ணும் இல்ல மேரிம்மா, நீங்க குடுங்க" என்றாலே போதும். நான் சிரித்தேன். "ரொம்ப தேங்க்ஸ் மேரிம்மா" என்றேன். பொய்யை நம்பி ஒருத்தர் இவ்வளவு பாடுபடும்போது வருகிற கூச்சம் இருக்கிறதே, அது வாயை நன்றாகக் கட்டிவிடும்.

அப்போது திட்டத்திலிருந்து எங்கள் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்த சில்வியா மேடத்திடம் அவர் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அந்த மேடம் "பாத்துச் செய்ங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கல்யாணமாகிக் கோயமுத்தூர் போய்விட்டது. உருண்டையும் முட்டையும் வந்துகொண்டே இருந்தன. வீணாக்க மனசில்லாமல் லூர்து மேரி அவற்றைத் தெருக்கோடிக்குக் கொண்டுபோய்க் குப்பை வண்டி இழுக்கிற பெண்களிடம் கொடுத்துவிடுவார். பாடுபடுகிற பெண்கள், பசியோடு இருப்பவர்கள், தின்னட்டும் என்று.

பாப்பா சேர்ந்த பதினாலாவது மாசம், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் விவகாரம் வெடித்தது.

சில்வியா மேடத்துக்குப் பதிலாகப் புதிதாக வந்த ரஞ்சனி மேடம் எடைச் சீட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, மற்ற வீடுகளில் பிள்ளைகள் தேறியிருக்கிறார்கள், லூர்து மேரி வீட்டில் மட்டும் நாலு பிள்ளைகள் அப்படியே இருக்கிறார்கள் என்றது. அதிலும் மோசம் பேச்சிராஜ். இரண்டரை வயசுப் பையன், கையைப் பிடித்தால் எலும்புதான் வரும். அவன் அம்மா மாரிசெல்வி திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. என் லைனில்தான், எனக்கு மூன்று டேபிள் தள்ளி வேலை செய்கிறாள்.

"முட்டையும் உருண்டையும் குடுக்குறீங்களாம்மா?" என்று ரஞ்சனி கேட்டது.

"குடுக்கல மேடம்" என்றார் லூர்து மேரி. மறைக்கத் தெரியாத மனுஷி.

கூடத்தில் ஒரு சலசலப்பு. யாரோ ஒருத்தி, அவர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்குப் போவதைப் பார்த்ததாகச் சொன்னாள். இன்னொருத்தி, கடையில் போட்டு விற்கிறார் போல என்றாள். மாரிசெல்வி எழுந்து நின்றாள்.

"எம்பிள்ளைக்கு ஏன் எடை ஏறலன்னு நான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையுதேன். பிள்ளை வாய்க்கு வந்தத எடுத்து வித்துத் திங்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"விக்கல மாரி. ஒரு புள்ளைக்கு ஒத்துக்காது, அதான் யாருக்கும் குடுக்கல."

"எந்தப் பிள்ளைக்கு?"

"அத சொல்லக் கூடாது. ஒரு புள்ளையோட வைத்திய சமாச்சாரத்த இன்னொரு தாய்கிட்ட சொல்லக் கூடாதுன்னு ட்ரெய்னிங்ல சொல்லிக் குடுத்துகீறாங்க."

சில பேர் சிரித்தார்கள். நல்ல சாக்கு என்றாள் ஒருத்தி. லூர்து மேரி நின்ற இடத்திலிருந்து இரண்டாவது வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பினால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பார்க்காமலே நின்றார். சூப்பர்வைசரையே ஓட விடுகிற என் வாய் அன்றைக்கு எங்கே போயிற்றோ. மடியில் இருந்த பாப்பாவின் ரிப்பனை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். திருடி என்று ஒருத்தரைச் சொல்கிற இடத்தில் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தவள் நான்.

மையம் ஆக்குகிற பேச்சை நிறுத்தி வைத்தார்கள். அடுத்த மாசக் கூட்டத்தில் முடிவு, திருப்தி இல்லையென்றால் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுவோம் என்றார்கள். மறுநாளே இரண்டு பேர் பிள்ளையை நிறுத்திக்கொண்டார்கள். போக வேறு இடம் இல்லாததால் மாரிசெல்வி மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள், ஆனால் அவரோடு பேசுவதில்லை. பிள்ளையைத் தரையில் நிறுத்திவிட்டுப் போய்விடுவாள். லூர்து மேரி என்னிடம் எப்போதும்போல இருந்தார். "நீ கவலப்படாத, பாப்பா பேரு வெளிய வராது" என்று ஒரு நாள் காதோடு சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. போகவில்லை, பஸ்ஸுக்குத்தான் போனேன்.

பத்து நாள் கழித்து ரஞ்சனி மேடம் எனக்கு போன் செய்தது. மேடத்திடம் மட்டும் லூர்து மேரி தனியாக விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

"அக்கா, பாப்பாவோட டாக்டர் சீட்டு ஒரு காப்பி குடுங்க. அது இருந்தா மேரிம்மா மேல தப்பு இல்லன்னு நானே எழுதி முடிச்சிடுவேன். வேற யாருக்கும் காட்ட மாட்டேன்."

டாக்டர் சீட்டுக்கு நான் எங்கே போவேன். ராஜசேகரிடம் சொன்னேன். அவருக்கும் ஃபாரம் எழுதிய கதை தெரியும், அவரும் வாய் திறக்காதவர்தான். "கிளினிக்ல கேட்டுப் பாரு, எழுதித் தருவாங்க" என்றார்.

லீவு போட்டுவிட்டுப் பாப்பாவோடு கிளினிக்குக்குப் போனேன். டாக்டரம்மா பாப்பாவைப் பக்கத்தில் நிறுத்தி, கடலை சாப்பிட்டபோது உடம்பில் என்ன ஆயிற்று, எப்போது ஆயிற்று என்று விசாரித்தார். நான் தடுமாறினேன். பாப்பாவுக்கு இப்போது நாலு வயது நெருங்குகிறது, பேச்சு நன்றாக வரும். அவள் டாக்டரம்மாவின் மேஜையைப் பிடித்துக்கொண்டு, ரொம்பப் பொறுப்பாகச் சொன்னாள்.

"நான் வூட்டுல கடல துன்னுவேன். மேரிம்மாகிட்ட சொல்லக் கூடாது. நீயும் சொல்லாத."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். அடுத்த டோக்கனைக் கூப்பிடச் சொன்னார். வெளியே வந்து ஆட்டோ ஸ்டாண்டில் நின்றபோது பாப்பா என் புடவையை இழுத்து, "நான் கரெக்டா சொன்னேனாம்மா?" என்று கேட்டாள். பெற்ற பிள்ளைக்கு நான் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இதுதான்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். கூட்டத்தில் எழுந்து எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவது என்று. எல்லார் முன்னாலும் திருடி என்று சொன்னார்கள், எல்லார் முன்னாலும்தானே துடைக்க வேண்டும். அந்த முடிவுக்கு வந்தபிறகு என்மேல் எனக்கே கொஞ்சம் மரியாதைகூட வந்தது. அதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. லூர்து மேரி வீட்டில் பிள்ளையை விடுகிற நாங்கள் மட்டுமில்லை, மற்ற மையத்துத் தாய்மார்களும் வந்திருந்தார்கள். மாரிசெல்வி பேச்சிராஜை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். லூர்து மேரி நல்ல புடவை கட்டிக்கொண்டு, சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி ஓரமாக நின்றார். ரஞ்சனி ஆரம்பிப்பதற்கு முன்னால் நான் எழுந்துவிட்டேன்.

"கடலை, முட்டை ஒத்துக்காதுன்னு எழுதிக் குடுத்தது நான். எம் பொண்ணுக்குத்தான். அவளுக்கு ஒரு அலர்ஜியும் கெடையாது. நான் எழுதுனது பொய்யி."

"எதுக்குக்கா பொய் எழுதுனீங்க?" என்றது ரஞ்சனி.

அந்த இடத்தில் ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். நான் உண்மையைச் சொல்வது என்று வந்தவள் ஆயிற்றே.

"அவங்க எங்க ஊரு காலனிக்காரங்க. அவங்க கையால எம் பொண்ணு சாப்புடக் கூடாதுன்னு எழுதுனேன். அவங்க எதையும் விக்கல. எம் பொய்ய நம்பித்தான் எல்லாப் பசங்களுக்கும் நிறுத்திட்டாங்க. தப்பு எம்மேலதான்."

சொல்லி முடித்ததும் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. அந்த நிமிஷம்வரை எனக்கு இறங்கியதுதான் தெரிந்தது, யார் தலையில் இறங்கியது என்று தெரியவில்லை. கூடத்தில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் லூர்து மேரியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரை அதற்கு முன்னால் பார்த்தே இராதவர்கள்கூட. அவர் முந்தானையை எடுத்துத் தோளை மூடிக்கொண்டார்.

மாரிசெல்விதான் முதலில் பேசினாள். சத்தம் போடவில்லை.

"எம்பிள்ளையும் அங்கதான சாப்பிடுதான். அப்பம் எங்கள என்னன்னு நெனச்சிய?"

என்ன நினைத்திருந்தேன் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் பேச்சிராஜைத் தூக்கிக்கொண்டு லூர்து மேரியிடம் போய், "நான் பேசினது தப்பும்மா" என்றாள். லூர்து மேரி பையனின் காலைத் தொட்டுப் பார்த்தார். "ஒரு வருசம் போச்சே இவனுக்கு" என்றார். அதை மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

ரஞ்சனி நியாயமாக எழுதியது. லூர்து மேரி மேல் தவறு இல்லை என்று தீர்மானம் போட்டு, அடுத்த வாரமே நிலையான மையம் என்று ஆர்டர் வந்தது. உதவிக்குச் சின்னப்பொண்ணு என்று ஒரு பெண்ணும் வந்துவிட்டாள். திருட்டுப் பேச்சுக்காக நிறுத்தியிருந்த இரண்டு பேரில் ஒருத்தி பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டாள். ஆனால் அதே வாரம் வேறு மூன்று பேர் நின்றுவிட்டார்கள். சமாதானமாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். வீடு பஸ் ஸ்டாப்புக்குத் தூரமாம். கம்பெனி பஸ் அந்த வீட்டு வாசலில் நிற்கிறது.

நான் பாப்பாவை நிறுத்தவில்லை. பெருந்தன்மையினால் இல்லை, எனக்கு வேறு இடம் கிடையாது. திங்கட்கிழமை ஐந்தே காலுக்குப் போனேன். லூர்து மேரி பாப்பாவை வாங்கிக்கொண்டார், பாப்பா அவர் தோளில் சாய்ந்து மறுபடி தூங்கிவிட்டாள். இனிமேல் இங்கேயே சாப்பிடட்டும் மேரிம்மா என்றேன். சரி என்று தலையாட்டினார். நான் நகராமல் நின்றதைப் பார்த்துவிட்டு, பிள்ளை எழுந்துவிடாதபடி மெதுவாகப் பேசினார்.

"திருடின்னு சொன்னப்பகூட உம் புள்ள பேர நான் கூட்டத்துல சொல்லல, தென்றலு. இந்தத் தெருவுக்கு வந்து ஒம்போது வருசம் ஆவுது. ஒருத்தரும் என்னை எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேட்டது இல்ல. இங்க வந்து என்னாண்ட தனியா சொல்லியிருக்கலாம் இல்ல நீ? நானே அந்த மேடம்கிட்ட ஏதோ ஒண்ணு சொல்லி முடிச்சிருப்பேனே."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். பஸ் ஹாரன் அடித்தது. அவர் போ என்று கையைக் காட்டினார். நான் ஏறி, அவர் வீட்டு வாசல் தெரிகிற ஜன்னலோரம் காலியாக இருந்தும் அந்தப் பக்கம் உட்காராமல், தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டேன்.